புறாத்தீவில் ஸ்நோர்கெலிங்: நிக்கோனோஸ் 5 பிலிம் கமெராவை நீருக்குள் எப்படி அமைத்துக்கொள்வது?

கல்லடிப்பாலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆவணியில் பாடசாலை விடுமுறை தொடங்கியதும், மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளிக்குச் சென்று, அங்கிருந்து படகில் புறாத்தீவுக்குப் போய் இரண்டு காலைப்பொழுதுகள் ஸ்நோர்கெலிங் (மூச்சுக்குழாயுடன் நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது) செய்வதென்று முடிவு செய்திருக்கிறோம். மாமா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் சிங்கப்பூரில் வாங்கிய, நீருக்குள்ளும் எடுக்கக்கூடிய நிக்கோனோஸ் 5 கமெரா ஒன்று, 35 மில்லிமீற்றர் எஃப்/2.5 வில்லையுடன் அலுமாரியில் பல ஆண்டுகள் கிடந்து, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. பற்றரி மாற்றிப் பார்த்தேன். வியூஃபைண்டரில் சிவப்பு எண்கள் எரிகின்றன, ஷட்டரும் ஒவ்வொரு வேகத்துக்கும் வெவ்வேறு ஓசையுடன் இயங்குகிறது. தரையில் ஒரு சுருள் எடுத்துக் கழுவியதில் படங்கள் குறையில்லாமல் வந்தன. ஆகவே என் கேள்வி நீருக்குள் இதை எப்படி அமைத்துக்கொள்வது என்பது பற்றியது.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. போன வருடமும் இதே இடத்துக்குப் போனோம். அப்போது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நீர்ப்புகாக் கமெரா ஒன்றை வாங்கிக்கொண்டு போய், 27 படங்களையும் ஒரே காலையில் எடுத்து முடித்தேன். கழுவி வந்தபோது இருபதுக்கு மேற்பட்டவை சாம்பல் கலந்த ஒரே நீலமாக இருந்தன. மகள் ஓர் ஆமைக்குப் பின்னால் நீந்திய கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் படத்தில் ஆமை எது, அதன் அடியில் இருந்த பாறை எது என்று பிரித்தறிய முடியவில்லை. மகள் செம்மஞ்சள் நிற மிதவை அங்கி அணிந்திருந்தாள். அதுவும் மங்கிய பழுப்பாகவே தெரிந்தது.

இந்த முறை ஐஎஸ்ஓ 400 வேகமுள்ள வண்ண நெகட்டிவ் சுருள்கள் இரண்டு வைத்திருக்கிறேன். வேறு வேகமுள்ள பிலிம் தேவையா? ஷட்டர் வேகத்தையும் ஒளி புகும் துளையையும் நானே அமைப்பதா, அல்லது கமெராவின் தானியங்கி நிலையை நம்புவதா? இந்த வில்லையில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுக் குமிழைத் திருப்பித்தான் குவியம் வைக்க வேண்டியிருக்கிறது. நீருக்குள் தூரம் ஏமாற்றும் என்கிறார்களே, அப்படியானால் எந்தத் தூரத்தை வைப்பது? சிவப்பு வடிகட்டி ஒன்று வாங்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


உப்புவெளி எழுதியது:

வணக்கம் நண்பரே. எங்கள் ஊரார் புறாமலை என்று சொல்லும் அந்தத் தீவுக்கு, உங்களிடம் இருக்கும் அதே கமெராவையும் அதே வில்லையையும் எடுத்துக்கொண்டு பல வருடங்களாகப் போய் வருபவன் நான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமைப்புகள் அனைத்தையும் கரையில் வைத்து முடிவு செய்துவிட்டு, நீருக்குள் இறங்கிய பிறகு அவற்றைத் தொடாமல் இருப்பதே ஸ்நோர்கெலிங் செய்பவருக்கு ஏற்ற முறை. அலை உங்களைத் தூக்கித் தூக்கி இறக்கும். மாஸ்க் கண்ணாடியில் ஆவி படியும். மகள் எங்கே என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இவற்றுக்கிடையே குமிழ்களைத் திருப்பிக்கொண்டிருந்தால் மீன் போய்விடும். நீருக்குள் நீங்கள் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்கும் நீங்கள் எடுக்கும் பொருளுக்கும் இடையில் இருக்கும் தூரம்.

போன வருடப் படங்கள் நீலமாகிப்போனதற்கும் அந்தத் தூரம்தான் காரணம். கடல்நீர் சிவப்பை முதலில் விழுங்கும். ஐந்து மீற்றர் நீரைக் கடப்பதற்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும், அதன் பின் செம்மஞ்சளும் மஞ்சளும் ஒவ்வொன்றாக மங்கும். பலர் இதை ஆழத்தின் கணக்காக மட்டும் எண்ணிக்கொண்டு, "நான் மேற்பரப்பில்தானே மிதக்கிறேன், எனக்கென்ன" என்று இருந்துவிடுகிறார்கள். ஒளி நீர்மட்டத்திலிருந்து பொருளுக்கு இறங்கி வரும் பாதையையும், பொருளிலிருந்து உங்கள் வில்லைக்கு வரும் பாதையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆமை இரண்டு மீற்றர் ஆழத்தில் இருந்து, நீங்கள் அதிலிருந்து நான்கு மீற்றர் தள்ளி இருந்தால், அந்த ஒளி ஆறு மீற்றர் நீரைக் கடந்துதான் பிலிமை அடைகிறது. அதே ஆமைக்கு ஒரு மீற்றர் அருகில் போயிருந்தால் மூன்று மீற்றர்தான். மங்கல் என்று நீங்கள் சொல்வதும் அந்த இடைப்பட்ட நீரில் மிதக்கும் தூசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து போடும் திரைதான். அருகில் போகப் போக அது தானாக விலகும்.

இனி ஒளி அளவு. கரையில் நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு 1/500 செக்கனும் எஃப்/16 துளையும் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்) போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியவுடனேயே ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் ஒளி குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும், கூடினால் இருமடங்காகும்). இரண்டு மீற்றரில் இரண்டு ஸ்டாப், ஆறு மீற்றரில் இரண்டரை, பத்து மீற்றரில் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இழப்பே பெரியது, அதற்குப் பின் மெதுவாகத்தான் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். மூச்சுக்குழாயுடன் மிதப்பவர் பெரும்பாலும் மூன்று மீற்றர் ஆழத்துக்குள் உள்ளவற்றையே எடுக்கிறார். ஆகவே உங்கள் பிலிமுக்குச் சரியான அளவு 1/250, எஃப்/11 என்று வருகிறது. நான் அதைவிட ஒரு ஸ்டாப் திறந்து 1/250, எஃப்/8 என்று வைத்துவிடுவேன். வண்ண நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியை இரண்டு ஸ்டாப் வரை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். குறைந்த ஒளியைத்தான் அது மன்னிக்காது, நிழல்கள் சேறுபோல வந்துவிடும். ஒரு முகில் வந்து சூரியனை மறைத்தாலும், பாறையின் நிழல்பக்கத்தில் ஒரு மீன் நின்றாலும் அந்த ஒரு ஸ்டாப் உங்களைக் காப்பாற்றும்.

ஷட்டர் ஏன் 1/250 என்றால், மீன் மட்டும் அசைவதில்லை, நீங்களும் அசைகிறீர்கள். 1/125இல் எடுத்த என் பழைய படங்களில் பாதி, உற்றுப் பார்த்தால் ஒரு திசையில் இழுபட்டிருக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. உச்சி வெயிலில் மேற்பரப்பின் சிற்றலைகள் வெளிச்சத்தைக் குவித்து, மணல்மேல் வலை விரித்ததுபோல ஒளிக்கோடுகளை ஓடவிடும். அந்த வலை ஒரு கிளிமீனின் முதுகில் விழுந்து நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். 1/250இல் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாக நிற்கும். 1/60இல் அவை கரைந்து வெறும் வெளிறலாகிவிடும்.

குவியத்துக்கு வருவோம். நீருக்குள் பொருள்கள் உண்மைத் தூரத்தின் நான்கில் மூன்று பங்கில் இருப்பதாகத் தோன்றும். தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உங்கள் 35 மில்லிமீற்றர் வில்லையும் உங்கள் மாஸ்க்கைப் போலவே ஏமாறுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தையே குமிழில் வையுங்கள். திருத்தம் எதுவும் வேண்டாம். இரண்டு மீற்றரில் வைத்து எஃப்/8இல் எடுத்தால், கண்ணுக்கு ஏறக்குறைய 1.4 மீற்றரிலிருந்து 3.3 மீற்றர் வரை தெரிபவை தெளிவாக வரும். வில்லையைத் திருப்பி அதன் முகத்தைப் பார்த்தால், துளைக் குமிழை அசைக்கும்போது இரண்டு சிவப்புச் சுட்டிகள் விரிந்து சுருங்குவதைக் காண்பீர்கள். அவை காட்டுவது இதே எல்லைகளைத்தான். ஒரு நாள் முன்னதாக நிலாவெளிக் கரையில் மார்பளவு நீரில் குப்புற மிதந்து, அடியில் கிடக்கும் ஒரு சிப்பியைப் பாருங்கள். அது கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றரில் தெரியும். அந்த அளவை மனத்தில் பதித்துக்கொண்டால் அதன் இருமடங்கை மதிப்பிடுவது கடினமில்லை. 0.8 மீற்றருக்கு உள்ளே இந்த வில்லையால் பார்க்க முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நெருங்கி எடுக்கும்போது வியூஃபைண்டர் வில்லைக்கு மேலே இருப்பதால் மீனின் தலைக்கு மேல் சற்றுக் கூடுதலாக இடம் விடுங்கள்.

காலை ஒன்பதரை மணிக்கு முன் சூரியன் சாய்ந்திருக்கும். ஒளியின் ஒரு பகுதி நீர்மட்டத்தில் பட்டுத் தெறித்துப் போய்விடும். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம். பிற்பகலில் கச்சான் (தென்மேற்குக்) காற்று பலத்தால் கலங்கலும் அலையும் சேர்ந்துவிடும், அப்போது கமெராவைப் படகிலேயே வைத்துவிட்டு நீந்தலாம். சிவப்பு வடிகட்டி உங்களுக்குத் தேவையில்லை. அது ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும். இவ்வளவு குறைந்த ஆழத்தில் அந்த விலை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.


அடையாறு எழுதியது:

கல்லடிப்பாலம் அவர்களுக்கு வணக்கம். உப்புவெளி அவர்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை எனக்கும் உடன்பாடே. தானியங்கி நிலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதால் அதைச் சேர்க்க விரும்புகிறேன். கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவும் ழான் தெ வூட்டர்ஸ் என்ற பொறியியலாளரும் உருவாக்கிய கலிப்சோ கேமராவை நிக்கான் நிறுவனம் ஏற்று, 1963இல் நிக்கோனோஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அந்த வரிசையின் முதல் மாதிரிகளில் ஒளிமானியே கிடையாது. உங்கள் கையில் இருப்பது 1984இல் வந்த ஐந்தாம் மாதிரி. வில்லை வழியாக வரும் ஒளியை அளந்து, நீங்கள் வைத்த துளைக்கு ஏற்ற ஷட்டர் வேகத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். இவ்வளவு நல்ல வசதியை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நான் செய்வது இதுதான். 400 பிலிமைப் போட்டுவிட்டு ஐஎஸ்ஓ குமிழை 200இல் வைப்பேன்; ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி எல்லாப் படங்களுக்கும் தானாகக் கிடைத்துவிடும். துளையை எஃப்/8இல் வைத்து, வேகக் குமிழை ஏ என்ற தானியங்கி நிலையில் விடுவேன். ஷட்டர் பொத்தானை லேசாக அழுத்தினால் வியூஃபைண்டரில் வேகம் எரியும். 125க்குக் கீழே எரிந்தால் எடுக்காமல் வெளிச்சமான இடத்துக்கு நகர்வேன். முகில் வந்து வந்து போகும் நாளில் இந்த முறை மிகவும் உதவுகிறது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. கேமராவை மேல்நோக்கித் திருப்பி, பளபளக்கும் நீர்மட்டத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால், ஒளிமானி அந்தப் பளபளப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு உங்கள் மகளின் முகத்தை இருட்டாக்கிவிடும். வெள்ளை மணலும் அதே போன்றதுதான். அத்தகைய படங்களுக்கு 1/250 என்று கையால் வைப்பதே சரி.

பேட்டரி தீர்ந்துபோனால் கலங்க வேண்டாம். வேகக் குமிழில் எம்90 என்றொரு நிலை இருக்கிறது. அது 1/90 வினாடி வேகத்தில் இயந்திர விசையால் இயங்குவது, மின்சாரமே தேவையில்லை. அதில் எஃப்/11 அல்லது எஃப்/16 வைத்துக்கொண்டு, அலை உங்களைத் தூக்கி நிறுத்தி இறக்கத் தொடங்கும் முன் வரும் அந்த அரைக்கணத்தில் எடுக்கப் பழகுங்கள்.

பிலிமைப் பற்றி. உங்கள் 400 போதும். ஐஎஸ்ஓ 200 பிலிம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் 1/250, எஃப்/5.6 வைக்க வேண்டியிருக்கும். அப்போது தெளிவாக வரும் எல்லை 1.6 முதல் 2.7 மீட்டர் வரை என்று சுருங்கிவிடும், குவியத்தில் தவறு செய்ய இடமே இருக்காது. போர்ட்ரா 800 போன்ற வேகமான பிலிம் என்றால் எஃப்/11 வைத்து 1.3 முதல் 4.3 மீட்டர் வரை தெளிவு பெறலாம். அதன் மணிகள் (படத்தில் தெரியும் நுண்துகள்கள்) சற்றுப் பெரிதாகத் தெரிந்தாலும், முதல் முறை நீருக்குள் எடுப்பவருக்கு இந்தக் கூடுதல் இடம் மணியைவிட முக்கியம். ஸ்லைடு பிலிமை மட்டும் இப்போது தொட வேண்டாம். அதன் நீலம் கண்ணைப் பறிக்கும் என்பது உண்மை, ஆனால் அரை ஸ்டாப் தவறினால் படம் போய்விடும். இரண்டு சுருள்களில் ஒன்று கருப்பு வெள்ளையாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. இல்ஃபோர்ட் எச்பி5 போட்டுப் பாருங்கள். வண்ணம் போய்விட்டதே என்ற கவலையே இல்லாமல், நீரில் இறங்கும் ஒளிக்கதிர்களை மட்டும் பார்த்து எடுக்கலாம்.

கழுவக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். நான் ஒருமுறை எதுவும் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கிருந்த ஸ்கேன் இயந்திரம் நீலத்தைக் குறையென்று எண்ணி, கடல் முழுவதையும் இளஞ்சிவப்புச் சாம்பலாக்கித் தந்தது. நெகட்டிவ் நன்றாகவே இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்து காப்பாற்ற முடிந்தது. "இவை நீருக்குள் எடுத்தவை, தானியங்கி வண்ணத் திருத்தம் வேண்டாம்" என்று உறையின்மேல் எழுதிவிடுங்கள். திருத்தத்தைப் பின்னர் நீங்களே கணினியில் செய்யலாம். ஆனால் பிலிமில் பதியாத சிவப்பை எந்தக் கணினியாலும் கொண்டுவர முடியாது என்பதால், அருகில் போங்கள் என்று உப்புவெளி அவர்கள் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.


பினாங்கு மீனாள் எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். ஒளியையும் குவியத்தையும் பற்றி மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆனால் அலுமாரியில் பல ஆண்டுகள் கிடந்த கமெரா என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. தரையில் ஒரு சுருள் எடுத்துப் பார்த்தது ஷட்டரை மட்டுமே சோதித்திருக்கிறது; நீர் புகுமா என்பதை அது சொல்லவில்லை.

மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவில் நான் இழந்த கமெராவும் இதே மாதிரிதான். காலை எட்டு மணிக்கு விடுதியின் வாசற்படியில் உட்கார்ந்து, மணலும் காற்றுமாக இருந்த இடத்தில் பின்கதவைத் திறந்து பிலிம் மாற்றினேன். நீரில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில், கதவின் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் மணிமாலை கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக மேலே போவதைப் பார்த்தேன். அழகாக இருக்கிறதே என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டுகூட இருந்தேன். காற்று வெளியே போகிறது என்றால் நீர் உள்ளே வருகிறது என்பது அதன் பிறகுதான் உறைத்தது. கரைக்கு வந்து திறந்தபோது ரப்பர் வளையத்தின் குறுக்கே என் தலைமுடி ஒன்று கிடந்தது. ஒரே ஒரு முடி.

ஆகவே பயணத்துக்கு முன்பே எல்லா ஓ வளையங்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள்: வில்லையின் பின்புறம், பின்கதவு, அடியில் பற்றரி மூடி, பிளாஷ் துளையின் மூடி. பழையவை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஒரே நிலையில் அழுந்திக் கிடந்து தட்டையாகியிருக்கும். வளையத்தை எடுக்கும்போது ஊசியோ திருப்புளியோ பயன்படுத்தாமல், பழைய பிளாஸ்டிக் அட்டையின் மூலையால் நெம்பி எடுங்கள். பள்ளத்தைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, வளையத்தில் சிலிக்கன் கிரீஸை விரல்களுக்கிடையே உருவிப் பூசுங்கள். வளையம் மினுங்கினால் போதும், திட்டுத்திட்டாக வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். கிரீஸ் நீரைத் தடுப்பதில்லை. வளையம் மடியாமல் வழுக்கி உட்காருவதற்காகவே அது; அளவுக்கு மிஞ்சினால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குமிழ்களின் தண்டுகளைச் சுற்றி உள்ளேயும் வளையங்கள் உண்டு. அவற்றை நாமே மாற்ற முடியாது, பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சம் பிலிம் இல்லாமல் ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து, குமிழிகள் வருகின்றனவா என்று பாருங்கள். குறைந்த ஆழம்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். ஆழத்தில் நீரின் அழுத்தமே வளையத்தை இறுக்கிவிடும், மேற்பரப்பில் அந்த உதவி கிடைப்பதில்லை. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்பு கரையும் வரை குமிழ்களைத் திருப்பி, நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே கதவைத் திறங்கள்.


கல்லடிப்பாலம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வளையங்களை மாற்றிவிட்டேன், பின்கதவில் இருந்த பழைய வளையம் மேசையில் வைத்தபோது, நிமிராமல் நாடாபோலத் தட்டையாகவே கிடந்தது. மீனாள் சகோதரி சொல்லாமல் இருந்திருந்தால் அப்படியே இறங்கியிருப்பேன். வாளிச் சோதனையில் ஒரு குமிழிகூட வரவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. எங்கள் மூவருக்கும் மிதவை அங்கி இருக்கும், ஆகவே என்னால் கீழே முக்குளித்துப் போக முடியாது. மேலிருந்து பார்த்தால் மீன்களின் முதுகு மட்டுமே தெரிகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா? இந்தக் கமெராவுக்கு 28 மில்லிமீற்றர் வில்லை ஒன்றும் கிடைக்கும்போல் இருக்கிறது, அதை வாங்கினால் உதவுமா?


உப்புவெளி எழுதியது:

மிதவை அங்கியைக் கழற்ற வேண்டாம், மகளுடன் போகிறீர்கள். கமெராவைக் கண்ணிலிருந்து எடுத்து, கையை முழுவதும் கீழே நீட்டி, வில்லை நேரே முன்னோக்கி அல்லது சற்று மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து எடுங்கள். வியூஃபைண்டரைப் பார்க்காமல் எடுப்பது முதல் ஐந்தாறு படங்களில் தவறும். அதன் பிறகு கை பழகிவிடும். அந்த முக்கால் மீற்றர் இறக்கமே போதும், முதுகுக்குப் பதிலாக மீனின் கண் தெரியத் தொடங்கும். இன்னொன்று, மீனைத் துரத்தாதீர்கள். துரத்தினால் வாலைத்தான் எடுப்பீர்கள். அது எந்தப் பக்கம் மேய்ந்துகொண்டு வருகிறது என்று பார்த்து, அதன் வழியில் இரண்டு மூன்று மீற்றர் முன்னால் போய் அசையாமல் மிதந்துகொண்டிருங்கள். கிளிமீன் முருகைக்கல்லை (பவளப்பாறையை) கடித்து மேய்வது. காது நீருக்குள் இருந்தால் கறுக் கறுக் என்று அது கடிக்கும் ஓசை மீன் கண்ணில் படுவதற்கு முன்பே கேட்கும்.

28 மில்லிமீற்றர் வில்லை நல்லதுதான். பார்வை அகலம் கூடுவதால் இன்னும் அருகில் போகலாம். உங்கள் 35, நீருக்குள் ஏறக்குறைய 47 மில்லிமீற்றர் வில்லைபோலக் குறுகிப் பார்க்கிறது, ஆள் ஒருவரை முழுதாக எடுக்க வேண்டுமென்றால் பின்வாங்க வேண்டியிருக்கும். ஆனால் 28 நீருக்கென்றே செய்யப்பட்டது, தரையில் அதனால் தெளிவான படம் வராது. கரையிலும் படகிலும் குடும்பத்தை எடுக்க நினைப்பவருக்கு 35தான் ஏற்றது. இந்தப் பயணத்துக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கி நிலை குறித்து அடையாறு அவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. முகில் உள்ள நாளில் அவருடைய முறையையும், வானம் வெளித்திருக்கும் நாளில் என் முறையையும் கையாண்டு பாருங்கள். ஒரு வேண்டுகோள்: படத்துக்காகக் கல்லின்மேல் காலை ஊன்ற வேண்டாம். அங்கே பல இடங்களில் முருகைக்கல் ஏற்கெனவே உடைந்து சிதறிக் கிடக்கிறது. துடுப்புக் காலணியின் ஓர் அடி போதும், பல வருட வளர்ச்சி முறிந்துவிடும்.


கல்லடிப்பாலம் எழுதியது:

போய் வந்து, முதல் சுருளைக் கழுவி, இன்றுதான் கையில் வாங்கினேன். உடனே எழுதத் தோன்றியது.

முதல் நாள் வானம் தெளிவாக இருந்தது. 1/250, எஃப்/8, இரண்டு மீற்றர் என்று வைத்துக் குமிழ்களைத் தொடாமல் 36 படங்கள் எடுத்தேன். அவற்றில் 21 படங்கள், போன வருடத்தோடு ஒப்பிட்டால் வேறொரு கடலில் எடுத்தவை போல இருக்கின்றன. எல்லாவற்றையும்விட எனக்குப் பாடமாக அமைந்தது பதினான்காவது படம். அதில் மனைவி எனக்கு ஒன்றரை மீற்றருக்குள் இருக்கிறார், மகள் அவருக்குப் பின்னால் ஐந்து மீற்றர் தள்ளி மிதக்கிறாள். இருவரும் அணிந்திருப்பது ஒரே கடையில் வாடகைக்கு எடுத்த ஒரே செம்மஞ்சள் மிதவை அங்கி. மனைவியின் அங்கி கரையில் பார்த்த அதே நிறத்தில் இருக்கிறது. நெஞ்சுப் பட்டையின் தையல் நூல்கூடத் தெரிகிறது. மகளுடைய அங்கி காய்ந்த தேங்காய் மட்டையின் நிறத்தில் இருக்கிறது. நீர் சிவப்பை விழுங்குவதாக உப்புவெளி அண்ணா எழுதியதை நான் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தேன் என்றாலும், ஒரே படத்தில் அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

கையை நீட்டி எடுத்தவற்றில் முதல் எட்டும் வீண். இரண்டில் என் துடுப்புக் காலணி மட்டும் வந்திருக்கிறது. ஒன்பதாவதில் ஒரு வண்ணாத்தி மீன் சோடி முழுதாக விழுந்திருக்கிறது. துடுப்பு நுனி கறுத்த சுறாக் குட்டிகள் இரண்டு முறை கடந்து போயின. அவற்றை எடுத்த நான்கு படங்களும் மங்கல். ஆறு மீற்றருக்கு அப்பால் இருந்தவற்றை எடுத்திருக்கிறேன், குவியத்தின் எல்லையே மூன்றே கால் மீற்றரோடு முடிந்துவிட்டது. எடுக்காமல் பார்த்துக்கொண்டாவது இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் நாள் முகில் போட்டிருந்தது. அடையாறு அவர்கள் சொன்னபடி ஐஎஸ்ஓவை 200இல் வைத்து ஏ நிலையில் எடுத்தேன். பல நேரம் 60 எரிந்தது, அப்போதெல்லாம் எடுக்கவில்லை. அதனால் அந்தச் சுருளில் இன்னும் ஒன்பது படங்கள் மீதமிருக்கின்றன, கமெராவை நான் திறக்கவுமில்லை. வாடைக்காற்று தொடங்குவதற்கு முன், புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை தனியாகப் போய் வரலாம் என்றிருக்கிறேன். குவியத்தை ஒன்றரை மீற்றருக்குக் குறைத்து, தீவின் கரையோரத்தில் அந்தக் கறுக் கறுக் ஓசை கேட்ட இடத்திலேயே மிதந்துகொண்டு, ஒன்பதையும் கிளிமீனுக்கே கொடுக்கப் போகிறேன்.